அப்பாவின் கதவு

எங்கள் மாமாவுக்கு எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அப்பாவின் இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை, அதைத் திருத்த வேண்டும் என்று டொக்டர் சொல்லி, அவரை ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். இதயத்துக்குள் எதற்குக் கதவு, அதை யார் திறப்பது என்று நான் வீடு முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். அம்மா "போய்ப் படி" என்றார். மாமாவோ வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் ஓர் ஆட்டு இதயத்தோடு வந்துவிட்டார்!

அன்று வெள்ளிக்கிழமை. மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சச் சட்டிகளை வியாழன் இரவே கழுவிக் கவிழ்த்துவிடும் வீடு எங்களுடையது. மாமா அதை மறந்தாரா, மறந்ததுபோல இருந்தாரா, ஆருக்குத் தெரியும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்.

பாத்திரம் கழுவும் குசினி சிங்கில் வைத்து மாமா அதன் மேற்பக்கத்தை வெட்டினார். சீட்டுக்கட்டில் கண்ட சிவப்பு இதயம்போல அது அழகாக இல்லை. மேலே மெல்லிய சுவரோடு இரண்டு சோணையறைகள், கீழே தடித்த இரண்டு இதயவறைகள். இடப்பக்கச் சுவர்தான் ஆகத் தடிப்பு. உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அதுதானாம். அறைகளுக்கு நடுவே வெள்ளைத் தோல் மடிப்புகள், கீழே நூல்நூலாகக் கட்டப்பட்டிருந்தன. அட, இதுதானா கதவு! தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கியது. கீழறையை அமத்தினால் மடிப்புகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டன. தண்ணீர் இதயத்திலிருந்து வெளியே போகும் பெரிய இரத்தக் குழாயால் பீறிட்டதே தவிர, மேலே ஒரு சொட்டும் வரவில்லை. ஒருவரும் திறக்கவுமில்லை, பூட்டவுமில்லை. எனக்குப் புல்லரித்தது.

அப்போதுதான் அம்மா அர்ச்சனைத் தட்டோடு வந்து நின்றார்.

"என்னடா அது?"

"பீட்ரூட், அக்கா" என்றார் மாமா.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! உனக்கென்ன விசரோ?"

மாமா தொலைந்தார் என்று நினைத்து நான் இடையில் புகுந்தேன். "அம்மா, அப்பாவின்ர கதவு இதுதான். மூடுது, பாருங்கோ."

 அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"எங்க, ஒருக்காத் தண்ணி விடு பாப்பம்."

விட்டேன். மாமா அமத்தினார்.

"மூடுதோ?"

"ஓம்."

"வடிவாப் பார். மூடுதோ?"

"ஓம் அம்மா."

"இன்னொருக்கா விடு."

கோயில் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு குனிந்து நின்ற அம்மா, என் கை வலிக்கும்வரை விட்டபாடில்லை. மாமாகூட ஒரு பகிடி விடவில்லை. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. என் பாடப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்க்காத அம்மாவுக்கு, விஞ்ஞானம் இவ்வளவு பிடித்துவிட்டதே என்று.