உரசாத ரிம்

எங்கள் சின்ன ஊர் பெக்கோக்கிலிருந்து சிகாமட் நகரத்துக்கு அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அழகுக்காக வேறு ரிம் போட்டிருந்தார். நான் தனியாக ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பின்னால் ஏறிவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் பின் டயர் மட்கார்டில் 'க்ர்ர்' என்று உரசும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிக் குதறிய சாலையில் மேடுபள்ளத்துக்கா பஞ்சம்?

ஒரு நாள் டயாலிசிஸ் நிலையத்துத் தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்பாவுக்கு ஊசி குத்துகிற இடது கை வீங்கியிருந்தது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, எதையும் பிடித்துத் தொங்கக்கூடாது, அந்த நரம்பு கெட்டால் மறுபடியும் அறுவை சிகிச்சைதான் என்றார். அப்பாவோ தான் ஒன்றுமே செய்யவில்லை என்று சாதித்தார்.

அடுத்த முறை போகும்போது கண்ணாடியில் அவர்மேல் ஒரு கண் வைத்தபடியே ஓட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மேடு வந்தது. அப்பா ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியை இடது கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டிலிருந்து உடம்பைத் தூக்கினார். மேடு தாண்டியதும் மெதுவாக உட்கார்ந்தார். காரை ஓரங்கட்டி, என்ன வேலை இது என்று கேட்டேன்.

"ஒடம்புல தண்ணி ஏறிப்போச்சும்மா. என் கனத்துலதானே ஒன் காடி ஒரசுது. கொஞ்சம் தூக்கிக்கிட்டா அதுக்கு லேசா இருக்கும்ல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டாக்டர் குடிக்கச் சொன்ன அளவுத் தண்ணீரைக்கூட அவர் குடிப்பதில்லை என்று அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரு காருக்காக மனுஷன் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்! அந்த ரிம்மைக் கழற்றாமல் இன்றைக்கு வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு மெஷின் ஓட ஆரம்பித்ததும், அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு நேராக ரிம் கடைக்குப் போனேன். கடை முதலாளியான தவுக்கே, வேறொரு ரிம்மின் நட்டு ஓட்டைகள் என் காருக்குப் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, "போலே, போலே" என்றார். நான் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறவள். 'போலே', முடியும் என்று வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. காரிலிருந்து கழற்றிய ரிம்மின் முதுகில் 25 என்று அச்சாகியிருந்தது. காரின் பின்பெட்டியில் கிடந்த ஸ்பேர் டயரின் ரிம்மில் 45. அதுதான் கார் பிறந்தபோது இருந்த அளவு. இந்த எண்ணை ஆஃப்செட் என்கிறார்கள், மில்லிமீட்டர் கணக்கு. எண் குறையக் குறைய, சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அப்பா தன் கனம் என்று நினைத்தது, வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு சென்டிமீட்டரைத்தான்.

தவுக்கே 35 போட்ட ஒரு செட்டை எடுத்து வைத்தார். அம்சமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மாட்டச் சொன்னேன், ஆனால் பின்னால் ஆள் ஏற்றித்தான் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். காலிக் காரில் எல்லா ரிம்மும் நல்ல பிள்ளைதான். தவுக்கே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் அவரே தொப்பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார். டயர் மாற்ற வந்திருந்த மலாய்க்காரர் ஒருவர் வேடிக்கை பார்க்கிற ஆசையில் அம்மாவின் இடத்தில் ஏறிக்கொண்டார். கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றி இறக்கினேன். மெல்லிசாக ஒரு 'க்ர்ர்'. கொஞ்சம்தானே என்று தவுக்கே சமாதானம் சொன்னார். கொஞ்சம் உரசினாலும் அப்பா தொங்குவார். கழற்றுங்கள் என்றேன்.

அதே அகலத்தில் 42 ஒரு செட் மாடியில் தூசி படிந்து கிடந்தது. வெறும் கறுப்பு, ஒரு அலங்காரமும் கிடையாது. மாட்டியதும், உள்ளே தள்ளிய சக்கரம் எதிலும் இடிக்கிறதா என்று குனிந்து உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன்; ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே தாராளமாகப் போனது. தவுக்கே முணுமுணுத்துக்கொண்டும் மலாய்க்காரர் சிரித்துக்கொண்டும் மறுபடி பின்னால் ஏறினார்கள். சத்தமில்லை. இன்னொரு முறை வேண்டுமென்றே வேகமாக இறக்கினேன். தவுக்கே தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு, 'அலமாக்' என்று கத்தினார். டயர் வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பும்போது அப்பா நம்பவில்லை. இப்போதுதான் உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள், அதனால்தான் உரசவில்லை என்று காரணம் சொன்னார். பிடிவாதத்தில் நான் யார் பெண் என்பது அப்போது விளங்கியது.

ஆகவே அடுத்த முறை போகிற வழியில், உடம்பில் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில், அதே பள்ளிக்கூட மேட்டுக்கு வந்தோம். அவர் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது.

"கைய எறக்குங்கப்பா."

"ஒரசும்மா."

"ஒரசாது. நல்லா சாஞ்சு ஒக்காருங்க. முழுக் கனத்தையும் போடுங்க."

கை மடிக்கு இறங்கியது. கார் மேடேறி இறங்கியது. அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மேடும் சத்தமில்லாமல் போன பிறகு, அம்மாவிடம் தண்ணீர் போத்தலைக் கேட்டார்.