வளையக் கண்ணாடி எடுத்துக்கொண்ட வெளிச்சம்

“…அதெல்லாம் சரிண்ணா, ட்ராலி ரோட்டு மேல விழுற அவ்ளோ வெளிச்சமும் எங்கிருந்து வந்துச்சி? அத மட்டும் சொல்லுண்ணா” என்று அவள் கேட்டபோது நான் எண்ணெய்ப் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்த பிறகும் துடைத்தேன்.

அப்போது மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற ஒரு ஆழக் குழியின் வாயில் நான் விளக்குக்காரன். திரி வெட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, சிம்னி துடைப்பது, இவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடம் பார்த்தவனில்லை, சிம்னி சுற்றி வந்த காகிதங்களில்தான் எழுத்துக் கூட்டினேன். அவள் கல்லுடைக்கிறவள், ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. கேஜுக் கூண்டில் மேலே வரும் கல்லைச் சுத்தியால் உடைத்து, பொன் ஓடிய கல்லை ஒரு பக்கமும் வெறுங்கல்லை ஒரு பக்கமும் பிரிப்பாள். மற்றப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். கடைசிக் கேஜின் கல்லுக்காக இவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கம்பத்தில் தொங்கிய என் பெரிய விளக்குதான் அவளுக்கு வெளிச்சம்.

அந்த விளக்கு போதாமல், கல் அரைக்கிற மில்லுக்குக் கல் தள்ளிப் போகும் ட்ராலிகள் மசங்கல் நேரத்தில் அடிக்கடி தண்டவாளத்தை விட்டு இறங்கின. அதற்காகத்தான் சுரங்க வேலையை மேற்பார்க்கிற எங்கள் கேப்டன் துரை ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தார். சென்னைத் துறைமுகத்தில் கழித்துப் போட்ட விளக்கினுடையதாம். சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வட்டத்துக்குள் வட்டமாக வரிகள். ட்ராலி தள்ளுகிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்கு ‘துரை ஊட்டு முறுக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

துரை தமக்குத் தெரிந்த அரைத் தமிழில் விளக்கினார். தீபாவளிக்கு மட்டும் இட்லி பார்க்கிற வீடு எங்களுடையது. ஆனாலும் இட்லியை நினைத்துத்தான் எனக்கு அது பிடிபட்டது. நடுவில் உப்பிய கண்ணாடி, சுடரிலிருந்து விரிந்து போகிற ஒளியை மடக்கி நேராக்கும். கலங்கரை விளக்கத்துக்கு வேண்டிய அகலத்தில் அப்படி ஒன்றைச் செய்தால் தூக்கி மாட்ட முடியாத கனம் வந்துவிடும். ஆனால் ஒளியை மடக்குவது மேல்புறத்துச் சரிவுதான், உள்ளே இருக்கிற சதை சும்மா கிடக்கிறது. ஆகவே இட்லியை வட்ட வட்டமாக அறுத்து, ஒவ்வொரு வளையத்திலும் அடிச்சதையை நீக்கி, மேல்சரிவை மட்டும் தட்டில் இறக்கி வைத்தது போலச் செய்துவிட்டார்கள். ஓரத்து வளையத்துக்குச் சரிவு அதிகம், நடுவுக்குக் குறைவு. ஒவ்வொன்றும் தன் பங்கைத் திருப்ப, எல்லாம் ஒரே திசையில் கிளம்பும். சுடர் மட்டும் சரியான தூரத்தில் நிற்க வேண்டும். துரை அதற்குச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். கப்பலுக்குக் கரை காட்டுகிற விளக்கும், கப்பலே மாட்டிக்கொண்டு போகிற விளக்கும் இதே சங்கதிதானாம்.

பிறகு அதை வெயிலில் பிடித்துத் தம் சுருட்டைப் பற்றவைத்தார். கூட்டம் வாயைப் பிளந்தது. “புதுசா ஒண்ணும் பண்ணாது. திருப்பும். அவ்ளோதான்” என்று துரை என்னிடம் சொன்னார். காதில் விழுந்தது. ஆனால் நெருப்பே பிறப்பிக்கிற கண்ணாடி, வெளிச்சம் பிறப்பிக்காதா என்று எனக்குள் ஓர் எண்ணம். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன், ஒரு விளக்கை ஒன்பதாக்கும் என்று. என் விளக்கு அல்லவா.

பெரிய விளக்கைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, முகப்பில் கண்ணாடியை மாட்டி, ட்ராலி ரோட்டுப் பக்கம் திருப்பினோம். அன்று சாயங்காலம் மில் வளைவு வரைக்கும் தண்டவாளம் வெள்ளியாக ஓடியது. இனி நிலாவுக்கு லீவு கொடுக்கலாம் என்றான் ஒரு ட்ராலிக்காரன். அதற்கப்புறம் ட்ராலி இறங்கவே இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

நாலு நாள் கழித்து அவள் வந்து, கண்ணுக்கு மசமசன்னு கீதுண்ணா, கல்லுல பொன்னு ரேகை தெரியமாட்டேங்குது என்றாள். ஊரே வெளிச்சம் கூடிவிட்டது என்று சொல்லும்போது இவளுக்கு மட்டும் எப்படிக் குறையும்? “வெளிச்சம் ஒம்போது பங்கும்மா. ஒன் கண்ணுதான் மங்கிடுச்சி” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் அதை நம்பிவிட்டாள். கண் போனவளை மேஸ்திரி உடைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார், கூலியில்லாமல் ஊருக்கே திரும்ப வேண்டிவரும் என்ற பயம் அவளுக்கு. யாரிடமும் வாய் திறக்காமல் ராவெல்லாம் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒரு நாள் விடாமல் வேலைக்கு வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில், கல்லைப் பிடித்திருந்த இடது கைக் கட்டைவிரல் மேலேயே சுத்தி இறங்கிவிட்டது.

என் அறையில் பதினான்கு கைவிளக்குகள் சும்மா தொங்கின. ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்திருந்தால் முடிந்தது. தோன்றவில்லை என்று சொல்லிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். தோன்றியிருந்தால் என் கண்ணாடியின் பெருமை குறையும், அதனால் தோன்றவில்லை. பிற்பாடு காவேரியிலிருந்து கரண்டு வந்து ஷாஃப்ட் வாசலெல்லாம் பகலாயிற்று. கண்ணாடி எந்த மூலைக்குப் போனதோ. அந்த விரல் மடங்கவே இல்லை.

விரலில் துணி சுற்றிக்கொண்டு அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தேன். சிதறிய கல்லைப் பொறுக்க அவள் ட்ராலி ரோட்டில் இறங்கியிருக்கிறாள். குனிந்தவளுக்கு விரலில் சுற்றிய துணியின் ஒவ்வொரு இழையும் தெரிந்திருக்கிறது. தன் இடத்துக்கு வந்து பார்த்தால் துணியே மங்கல். மறுபடி ரோட்டுக்குப் போனாள், மறுபடி வந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பக்கம் தகரம். நாலாவது பக்கம், முன்பு விசிறியாக விரிந்து அவள் மடியில் விழுந்த ஒளி, இப்போது ஒரு கட்டாகச் சேர்ந்து அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. துரை எனக்குச் சொன்னதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளே கண்டுகொண்டாள்.

அப்புறம்தான் என் அறை வாசலுக்கு வந்தாள். கண்ணாடி பெருக்குதும்மா என்று நான் பழைய பாட்டையே ஆரம்பித்தேன். அவள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வந்தவள் போலத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். புனலைத் துடைத்தேன்.

அவள் போய், கல்லை வைத்து உடைக்கிற தன் அடிக்கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு நேர் முன்னால், தண்டவாளத்தின் நடுவில் நிறுத்தினாள். கூடையையும் சுத்தியையும் எடுத்து வந்தாள். அவள் நிழல் மில் வளைவு வரைக்கும் நீண்டு கிடந்தது. எதிரே வந்த ட்ராலி நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்து, கட்டைவிரலை ஒதுக்கி, மற்ற நாலு விரலால் ஒரு கல்லைப் பிடித்து உடைக்க ஆரம்பித்தாள்.