சமையலறைச் சுரங்கம்

போர்ட் பிளேயரில் நான் நில அளவையாளனாக இருந்த அலுவலகத்துக்கு மெயின்லேண்டிலிருந்து மாதம் தவறாமல் ஓர் இந்திப் படிவம் வரும். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலே தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்கும். அந்தமானில் ஏது நிலக்கரிச் சுரங்கம்? 'இல்லை' என்று எழுதி அனுப்புவேன். ஒருமுறை கடுப்பில் அனுப்பாமல் விட்டேன். இல்லாத சுரங்கத்தைக் கண்காணிக்கத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மேட்டில் வீடு. கீழே ஒரு கான்ட்ராக்டர் ஹோட்டல் கட்டுவதற்காக ஜேசிபி வைத்துச் சரிவைக் குடைந்துகொண்டிருந்தார். அக்காவின் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

"மிட்டி நீச்சே போய்ட்டே இருக்கு தம்பி, மண்ணு எறங்கிட்டே போகுது. மழைக்கு முந்தி அந்த மிஷின பந்த் பண்ணலன்னா புள்ளைங்களோட நாங்களும் கீழ போயிடுவோம்" என்றார்.

தரை இறங்குவதைப் பதிவு செய்ய எங்களிடம் இருந்தது அந்த ஒரே படிவம். அதிகாரி இந்திக்காரர். அவர் கேள்விகளைப் படிக்க, அக்கா பதில் சொல்ல, நான் எழுதினேன்.

"கான் கஹாம் ஹை?"

இந்தியில் கான் என்றால் சுரங்கம், கானா என்றால் சாப்பாடு. அக்காவின் இந்தி பஜாரில் காதால் கேட்டுப் பழகியது. சாப்பாடு எங்கே என்று சாப் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டார்.

"கிச்சன் மே ஹை, சாப்."

அதிகாரி தலை நிமிரவில்லை. "லிகோ", எழுது, என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இல்லாத சுரங்கத்துக்கு விளக்கம் எழுதியவன் நான். எனக்கென்ன போச்சு? சுரங்கம் இருக்குமிடம் சமையலறை, மேலாளர் அக்கா என்று எழுதினேன்.

மூன்றே வாரத்தில் மெயின்லேண்டிலிருந்து உத்தரவு வந்தது. சுரங்கத்தில் உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்வரை நூறு மீட்டருக்குள் யாரும் தோண்டக் கூடாது. மாதாமாதம் அளவு அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும்.

ஜேசிபி நின்றது. நான் அடுப்படியில் முளை அடித்து மாதாமாதம் அளந்தேன். அக்கா கணவரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரொட்டி சுட்டார். "குக்கர் சீட்டி கேக்க மாட்டேங்குது தம்பி" என்பது மட்டும்தான் அவருடைய புகார்.

தோண்டுவது நின்றதும் தரையும் நின்றது. நான்கு மாதமாக முளை அசையவில்லை. இதை அப்படியே அனுப்பினால் சுரங்கத்தை மூடிவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். கான்ட்ராக்டரும் ஜேசிபியை வேறெங்கும் அனுப்பாமல் ரோட்டோரமாகவே நிறுத்தி வைத்திருந்தார்.

"ஒரு மில்லிமீட்டர் எறங்குச்சுன்னு போட்டுருங்க தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. பொய்யளவு எழுதிப் பழக்கமில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. முளை அசையவில்லை என்றே எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். கடைசிக் கேள்வி, உற்பத்தி நடக்கிறதா என்பது. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன கானா, அக்கா?"

"சோறும் மீன் கொழம்பும்."

'நடக்கிறது' என்று எழுதி, மேலாளரிடம் நீட்டினேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார்.