ஒன்பதாவது தலைக்கு வட்டம்

அவரை எல்லாரும் வட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோயில்களில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் பொன்னாய் ஒரு வட்டம் தெரியுமே, அதைப் போடுகிறவர் அவர். முகத்தை வேறொருவர் வரைந்துவிட்டு இறங்கியபின் இவர் சாரத்தில் ஏறுவார். கவராயத்தால் வட்டம் இழுத்து, பசை எண்ணெய் தடவி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, தங்க ரேக்கை ஒவ்வொரு தாளாகத் தூரிகையில் எடுத்து வைப்பார். ரேக்கு என்பது மூச்சுக் காற்றுக்கே சுருண்டுபோகிற சரக்கு. ஆகையால் அவர் அந்தக் கட்டைப் பிரித்தால் மின்விசிறி நிற்கவேண்டும், ஜன்னல் சாத்தவேண்டும், யாரும் தும்மக்கூடாது. ஒருமுறை வேலையைப் பார்க்க வந்த ஆயரிடமே, "ஆண்டவரே, மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க" என்று சொன்னவர். ஆயரும் திரும்பி நின்றுகொண்டார்.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் மனுஷருக்கு நிம்மதி இல்லை. காரணம், முகம் வரைகிறவன் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன். பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். வேலை முடிந்ததும் சனங்கள் வந்து அண்ணாந்து பார்த்து, "என்ன கண்ணு பாருங்க, நம்மளையே பார்க்குது" என்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட "என்ன வட்டம் பாருங்க" என்று சொன்னதில்லை. வெயில் அடிக்கிறது என்று யாராவது சூரியனை மெச்சுவார்களா, அப்படித்தான் என்று வட்டக்காரர் தன்னைத் தேற்றிக்கொள்வார். அந்தத் தேறுதல் வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது.

"தங்கச்சி வீட்டுக்காரர் வரைஞ்ச மாதாவைப் பார்த்து ஒரு அம்மா அழுதுட்டாங்களாம்" என்பாள் மனைவி.

"கண்ணு கூசியிருக்கும். என் வட்டத்துல பட்டு வந்த வெளிச்சம்."

"ஆமா, உங்க வட்டத்தைப் பார்த்து அழவேண்டியவ நான் ஒருத்திதான்."

இத்தனைக்கும் அவர் பக்தியுள்ளவர். ஒருநாளும் பூசை தவறமாட்டார். ஒரு வட்டம் முடிந்ததும் அந்தப் புனிதரின் பெயரைச் சொல்லி, "எனக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முழங்காலிட்ட பிறகுதான் சாரத்தை நகர்த்துவார். சகலையோ ஞாயிறு பூசைக்குப் பிரசங்கம் முடிந்தபின் வந்து, கடைசித் தூணில் சாய்ந்து நின்று, ஆசீருக்கு முன்னால் நழுவிப்போகிற ஆள். அவன் கைக்குப் போய் இந்த வரத்தைக் கொடுத்தீரே என்று வட்டக்காரர் கடவுளிடமே கேட்டிருக்கிறார். 

அந்த வருஷம் குருமடத்து நூலகச் சுவரில் வேலை கிடைத்தது. குருக்களாகப் போகிறவர்கள் படிக்கிற இடம். திருச்சபையின் ஆதிகாலத்து ஆசிரியர்கள் ஒன்பது பேரை வரிசையாக வரையவேண்டும். எட்டு முகமும் எட்டு வட்டமும் முடிந்தன. முகம் வருமுன்பே இடத்தை அளந்து வைக்கலாம் என்று ஒன்பதாவது ஆளுக்குக் கவராயத்தை எடுத்தபோது, குருமடத்துக்குத் தலைவரான அதிபர் சாமி கீழே இருந்து கையாட்டினார்.

"இவருக்கு வட்டம் வேண்டாம். முகம் மட்டும் போதும்."

"ரேக்கு மிச்சம் இருக்கு சாமி."

"ரேக்கு இருக்கலாம். இவர் புனிதர் இல்லை."

"புனிதர் இல்லேன்னா வரிசையில எதுக்கு சாமி?"

"அதை நூலகச் சாமிகிட்டக் கேளுங்க. ஆனா வேற வேலை இருந்தாக் கேக்காதீங்க. பொழுது சாஞ்சிடும்."

வட்டக்காரர் கேட்டார். நூலகச் சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஆரம்பித்தார்.

"இவர் பேரு ஒரிஜன். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஆளு. அப்பா வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர். பிள்ளையும் பின்னாலயே போயிடுவான்னு பயந்து அம்மா அவன் துணியெல்லாம் ஒளிச்சு வெச்சாங்களாம். துணி இல்லாம எப்படி வெளிய போறது? அப்படித் தப்பின உயிர். அப்புறம் எழுதினார் எழுதினார், இந்த அலமாரி பத்தாது. வயசான காலத்துல சிறையில போட்டு வதைச்சாங்க. மறுதலிக்கலை."

"அப்போ வட்டம் போடவேண்டியதுதானே சாமி?"

"கடைசியில எல்லா ஆத்துமாவும் கடவுள்கிட்டயே திரும்பி வந்துடும்ங்கிற மாதிரி எழுதினார். சாத்தானும் வந்துடுவான்னு சொன்னார்னு எதிராளிங்க கிளப்பிவிட்டாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு இவரே கடுதாசி எழுதியிருக்கார். இருந்தும், செத்து முந்நூறு வருஷம் கழிச்சுத் திருச்சபைச் சங்கம் கூடி இவரைக் கண்டனம் பண்ணிட்டாங்க."

மூலை மேசையில் படித்துக்கொண்டிருந்த கோட்பாட்டுச் சாமி தலையை நிமிர்த்தினார். மறைக்கோட்பாடு சொல்லிக்கொடுக்கிறவர், இருபது வருஷமாக இந்த விஷயத்தில் நூலகச் சாமியோடு மல்லுக்கு நிற்கிறவர்.

"கிளப்பிவிட்டாங்களா? எழுதினது கையில இருக்கு சாமி."

"கையில இருக்கிறது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவரே, அங்கங்க திருத்தினேன்னு ஒத்துக்கிட்டிருக்கார்."

"எல்லாரும் உள்ள வந்துடலாம்னா ஒருத்தன் ஒழுங்கா இருக்கிறதுக்கு என்ன அர்த்தம்?"

வட்டக்காரருக்குக் கோட்பாட்டுச் சாமியின் பேச்சு தேனாய் இருந்தது. இந்த ஒரிஜன் சொல்வது நிஜமானால் தூணில் சாய்ந்தவனும் மோட்சத்துக்கு வந்துவிடுவானே. வந்து பக்கத்திலேயே உட்காருவான். வானதூதர்களான சம்மனசுகள் எல்லாம் வரிசையில் நின்று, "என்ன கண்ணு வரைஞ்சீங்க" என்று அவனைக் கேட்கும். அங்கேயும் தான் ஓரமாக உட்கார்ந்து ஊமைச்சிரிப்புச் சிரிக்கவேண்டும். அதற்காகவா இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து பூசைக்கு ஓடியது?

நூலகச் சாமி விடவில்லை. "இது எங்க ஆரம்பிச்சது தெரியுமா? இவர் ஊரு ஆயர் இவரைத் தலையில தூக்கிவெச்சு ஆடினவர்தான். பேரு வெளியூருக்கெல்லாம் பரவினதும் பொறுக்கலை. ஊரைவிட்டே அனுப்பிட்டார். பொறாமைன்னு அந்தக் காலத்து எழுத்துலயே இருக்கு."

"அது ஒரிஜனுக்கு வேண்டியவங்க எழுதினது" என்றார் கோட்பாட்டுச் சாமி.

வட்டக்காரருக்குக் காது மடல் சுட்டது. கீழே விழாத தூரிகையைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் சகலை அந்த முகத்தை வரைந்தான். ஒன்பது நாள் எடுத்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். முடிந்தபோது சுவரில் ஒரு மெலிந்த கிழவர் இருந்தார். கழுத்தில் இரும்பு வளையம் அழுத்திய தழும்பு, உதட்டில் எதையோ சொல்லவந்து நிறுத்திய சாயல். மாணவர்கள் புத்தகம் எடுக்க வந்து, புத்தகத்தை மறந்து அவர்முன் நின்றார்கள். மற்ற எட்டுப் பேரும் கல்யாண வீட்டில் கவனிப்பாரில்லாத விருந்தாளிகள்போல் ஆனார்கள். கோட்பாட்டுச் சாமிகூட மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், படம் கண்ணில் படாமல் இருக்கவா படவா என்று யாருக்கும் விளங்கவில்லை.

வட்டக்காரரின் கை படாத ஒரே படம் அது. சனங்கள் நின்று பார்ப்பதும் அதை மட்டும்தான்.

"நல்லா வந்திருக்குதாண்ணே?" என்று கேட்டான் சகலை.

"மொட்டையா இருக்கு."

"வட்டம் இல்லாததாலதாண்ணே முகம் எடுப்பா இருக்கு. இது இத்தனை நாளும் எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

வெள்ளை மனசோடுதான் சொன்னான். அதுதான் வட்டக்காரரைக் குத்தியது. பதினெட்டு வருஷமாக நாம் முகங்களைக் கெடுத்துக்கொண்டா இருந்தோம்? அன்று ராத்திரி செபமாலையைக் கையில் எடுத்தால் சகலையின் குரல்தான் ஒவ்வொரு மணியிலும் உருண்டது.

அடுத்த வாரம் குருமடம் முழுக்க மூன்று நாள் தியானத்துக்குப் போயிற்று. சகலை, புதிதாகக் கட்டிய பெரிய கோயிலின் விதானத்தை அளக்கப் போயிருந்தான். விதானத்தில் படம் வரைகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவில் அதிபர் சாமி இருந்தார். அநேகமாய்ச் சகலைக்குத்தான் என்று பேச்சு. பழைய வட்டங்களுக்கு மெருகு போடவேண்டும் என்று வட்டக்காரர் நூலகச் சாவியை வாங்கினார். முதல் நாள் காலையில் ஒன்பதாவது தலைக்குப் பின்னால் பசை எண்ணெய் தடவினார். மறுநாள் மதியம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரேக்கு வைத்தார்.  அவ்வளவு சுத்தமான வட்டத்தை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. முடிந்ததும் வழக்கம்போல் முழங்காலிட்டார். பெயர் வாயில் வந்தது, மிச்சம் வரவில்லை. புனிதர் அல்லாதவரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லலாமா, அதுவும் இந்தக் காரியத்தைச் செய்துவிட்டு? எழுந்து, சாரத்தை நகர்த்திவிட்டுப் போனார்.

தியானம் முடிந்து திரும்பியவர்களின் மௌனம் நூலக வாசலிலேயே உடைந்தது. மாணவர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள். யாரோ துணிந்து ஒரிஜனுக்கு நியாயம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. கோட்பாட்டுச் சாமி, இது நூலகச் சாமியின் சூது என்றார். நூலகச் சாமி, தான் இல்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் முகத்தில் பூரிப்பை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து படங்களை மந்திரித்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. திருச்சபை கண்டித்தவருக்குத் தன் குருமடத்திலேயே ஒளிவட்டமா என்று ஆயர் கேட்டால் அதிபர் என்ன சொல்வார்?

அதிபர் அறைக்குச் சகலையை அழைத்தார்கள். இரண்டு சாமிமாரும் உள்ளே இருந்தார்கள். வட்டக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"வேலை உங்க பொறுப்பு" என்றார் அதிபர். "சொன்னதை மீறுற ஆளுக்கு விதானத்தைக் கொடுங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

 பிறகு சகலையின் குரல் வந்தது.

"தப்பு என்னுதுதான் சாமி. நான்தான் போடச் சொன்னேன். அண்ணன் மேல தப்பு ஒண்ணும் இல்லை."

வட்டக்காரருக்கு முதலில் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். விதானமும் சகலைக்குக் கிடைக்காது. பதினெட்டு வருஷமாக அவர் ஆசைப்பட்டது அதுதானே? ஆனால் அடுத்த நொடியே வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. முகமும் அவன், கண்ணும் அவன், இப்போது தியாகமும் அவனா? பூசைக்கு ஒழுங்காக வராதவன், எனக்காகச் சிலுவை சுமக்கிறானா? சனங்கள் இதையும் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். நம் வீட்டுக்காரியே மெச்சுவாள். எந்த எரிச்சல் அவரைச் சாரத்தில் ஏற்றியதோ அதே எரிச்சல்தான் அவரை அறைக்குள்ளும் தள்ளியது.

"பொய் சொல்றான் சாமி."

"அண்ணே, சும்மா இருங்க."

"நீ சும்மா இருடா. நான் போட்ட ஒரே ஒரு நல்ல வட்டம், அதையும் உன் பேருல போட்டுக்கப் பாக்கிறியா?"

அதிபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லலை."

நூலகச் சாமி நாற்காலி நுனிக்கு வந்தார். "மனசுல பட்டது, இல்லையா? அவர் கதையைக் கேட்டதும் மனசு பொறுக்கலை, அதானே?"

தப்பிக்க வாசல் திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். மாணவர்கள் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடுவார்கள்.  ஆனால் வட்டக்காரர் பொறாமைக்காரரே தவிர பொய்க்காரர் அல்ல, அதுவும் குருக்கள் முன்னால்.

"இல்ல சாமி. எல்லாரும் அந்தப் படத்தையே பார்த்தாங்க. அதுல என் கை இல்லை. பொறாமையில செஞ்சேன்."

நூலகச் சாமியின் முகம் தொங்கிப்போயிற்று. நீண்ட வழக்கில் ஒரு சாட்சி கிடைத்தது என்று பாவம் நம்பிவிட்டார். கோட்பாட்டுச் சாமி வெற்றியில் சிரிக்கப் போகிறார் என்று வட்டக்காரர் எதிர்பார்த்தார். அவரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வட்டத்தை எடுத்துடுங்க. முகத்துல ஒரு கீறல் விழக்கூடாது" என்றார்.

ரேக்கை வைப்பது லேசு, எடுப்பது கஷ்டம். டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் பொன்னோடு பின்னணி நீலமும் உரிந்து வந்தது. ஆகவே ஒரே சாரத்தில் வட்டக்காரர் இடப்பக்கம் துடைக்க, சகலை வலப்பக்கம் நீலம் பூசிக்கொண்டு வந்தான்.  இரண்டாம் நாள் வட்டக்காரருக்குத் தாங்கவில்லை.

"உனக்குக் கோபம் இல்லையாடா?"

"எதுக்கு?"

"உன் மேல எனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்னு தெரிஞ்சதுக்கு."

"இப்பத்தான் தெரிஞ்சதாக்கும்?" சகலை தூரிகையை உதறினான். "கல்யாணமான புதுசுலயே தெரியும்ணே. ரெண்டு வீட்டுக்கும் தெரியும்."

வட்டக்காரர் துணியைப் பிழிந்தார். பதினெட்டு வருஷமாகப் பெட்டிக்குள் பூட்டி வைத்ததாக நினைத்திருந்த பொருள் எல்லார் வீட்டு முற்றத்திலும் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா அன்னைக்கு அப்படிச் சொன்னே?"

"வேற என்ன செய்றது. நீங்க பண்றதை நான்தானே பொறுக்கணும். நான் பண்றதை நீங்க பொறுக்கிறீங்க இல்ல?"

"நான் எங்கடா பொறுத்தேன்?"

சகலை அதற்குச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "விதானம் நமக்கே கிடைச்சிருச்சு. அதிபர் சாமி காலைலதான் சொன்னார். முப்பத்தாறு புனிதர்ங்க. வட்டத்துக்கு வேற ஆளை வெச்சுக்கோன்னாங்க. அண்ணன் வரலைன்னா நானும் வரலைன்னு சொல்லிட்டேன்" என்றான்.

மறுபடியும் அந்தப் பழைய எரிச்சல் வட்டக்காரரைச் சுருக்கென்று குத்தியது. 

"வர்றேன். ஆனா எனக்காக நீ பேசினேன்னு வீட்ல சொல்லாதே."

"அதான் காலைலயே மதினிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

வட்டக்காரர் துணியை மறுபடியும் டர்பன்டைனில் முக்கினார். இன்னும் கால்வட்டம் பாக்கி இருந்தது.