பாத்தி சிவந்த கோடை

அழுகிய கடற்பாசியும் வெயிலில் காய்ந்த துருப்பிடித்த இரும்பும் ஒன்றாகக் கலந்தாற்போன்ற ஒரு வாடை அந்தக் கோடையில் எங்கள் உப்பளத்தின் மேல் நின்றது. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்த அம்மாவுக்கு மதியச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோன நான், வாடை எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தப் பாத்தியைக் கண்டேன். தண்ணீர் சிவந்திருந்தது. பூவின் சிவப்போ செம்மண்ணின் சிவப்போ இல்லை. கறி கழுவிக் கொட்டிய தண்ணீரின் சிவப்பு. அதன் கரையில் பெண்கள் உப்பு வாரும் பலகைகளைக் கையில் பிடித்தபடி இறங்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். என் அம்மா கன்னியம்மாளும் அவர்களில் ஒருத்தியாக நின்றாள். என்னைப் பார்த்ததும், "கிட்ட வராத, அங்கியே நில்லு" என்று கத்தினாள்.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் வந்திருந்தது. எங்கள் தெரு கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் வீடுகள் தப்பின. ஆனால் கரையோரக் குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த பலர் போய்விட்டார்கள். பாத்திகளெல்லாம் சேறும் மணலுமாக மூடிக்கிடந்தன. அவற்றை வெட்டி, மிதித்து, சமன் செய்து மறுபடி உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதற்குள் வழக்கமான பருவத்தில் பாதி ஓடிவிட்டது. அந்த மாதங்களில் நாங்கள் பயப்படுவதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை என்றே தோன்றுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனமான லாரி ஒன்று வேகமாகப் போனால்கூட, "வருது, வருது" என்று யாராவது கத்துவார்கள். கூட்டமாக மேற்கே ஓடுவோம். ஓடிக் களைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பி வருவோம். பள்ளிக்கூடத்தில் நான் கிழக்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்த மாதிரியே உட்காருவேன். கரும்பலகைக்கு முதுகைக் காட்டுகிறாயா என்று ஆசிரியர் திட்டுவார். ஆனால் அவரும் அடிக்கடி அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடல் ஏன் வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காரணம் இல்லாமல் இவ்வளவு பெரிய சாவு வந்துவிட்டுப் போனது என்பதை ஒருவராலும் தாங்க முடியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் பாத்தி சிவந்தது. அதற்கான காரணம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாதவிலக்கை எங்கள் பக்கத்தில் "தூரம்" என்பார்கள். தூரமான பெண் உப்புப் பாத்தியில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் தண்ணீர் ரத்தமாகும், உப்பு பூக்காது, எல்லையம்மா கோபித்துக்கொள்வாள் என்பது உப்பளத்தில் எழுதாத சட்டம். பாத்திகள் முடிகிற இடத்தில், சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல்தான் எல்லையம்மா. வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொரு பெண்ணும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவாள். அம்மாவைப் போல நெஞ்சுருகிக் கும்பிட்டவள் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம், ஆடியில் கூழ், அடுப்பு மூட்டும்போதுகூட "ஆத்தா" என்றுதான் ஊதுவாள்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். எங்கள் வீட்டின் பின்பக்கத்து வேலியில், பழைய புடவை ஒன்றை விரித்து, அதற்கு அடியில் அம்மா சில துணிகளை மறைத்துக் காயப்போடுவாள். அந்தத் துணி காய்கிற நாட்களில் அவள் தனித் தட்டில் சாப்பிட்டாள், சாமி மாடத்துப் பக்கம் போகவில்லை, எங்களைத் தொடவில்லை. ஆனால் உப்பளத்துக்கு மட்டும் போனாள். பாத்தி சிவந்த அந்த வாரத்திலும் வேலியில் புடவை விரிந்திருந்தது. பாத்தியைச் சிவக்கவைத்தது என் அம்மாதான் என்று நான் நினைத்தேன். கடலும் அவளால்தான் வந்திருக்கும், இனியும் அவளால்தான் வரும் என்று அடுத்தடுத்து நினைவு ஓடியது. யாரிடம் சொல்வது? சொன்னால் அம்மாவை என்ன செய்வார்கள்? சொல்லாமல் விட்டால் கடல் என்ன செய்யும்? சோறு உள்ளே இறங்காமல் நான் இளைத்துப்போனேன்.

உப்பளத்து மேஸ்திரி ஏழுமலை கெட்டவர் இல்லை. குப்பத்தில் பெண் கட்டி அங்கேயே குடியிருந்த அவருடைய தம்பி அலையில் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து மேஸ்திரி யாரைப் பார்த்தாலும் எதையோ கேட்க வருகிறவர் மாதிரி உற்றுப் பார்ப்பார். சிவந்த பாத்தியைச் சுற்றி வந்து, "எவளோ எறங்கியிருக்கா. எவளுன்னு தெரியாம நான் உடமாட்டேன். இன்னொரு வாட்டி ஊரைத் தூக்கிக் குடுக்க முடியாது" என்றார்.

சந்தேகம் போய் நின்ற இடம் லூர்துமேரி அக்கா. கிளியனூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உப்பளத்துக்கு அந்த வருஷம்தான் புதிது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை போட்டிருப்பாள். வேலைக்கு இறங்கும்போது கல்லைக் கும்பிடாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அதுவரை யாருக்கும் உறுத்தாத அந்தப் பழக்கம் ஒரே நாளில் எல்லோருக்கும் உறுத்தியது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். அவள் வீட்டு வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாப் பெண்களும் எல்லையம்மா முன்னால் வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் தூரமா எறங்கல" என்று சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தவளின் குடும்பம் விளங்காது என்பது ஊரறிந்த விஷயம். லூர்துமேரி அக்கா, "நான் எறங்கலண்ணா, மாதா மேல சத்தியமா சொல்றேன். ஆனா கற்பூரம் அணைக்க மாட்டேன். எங்க வேதத்துல அது கூடாது" என்றாள். அவ்வளவுதான். குற்றவாளி கிடைத்துவிட்டாள், வெள்ளிக்கிழமை வெறும் சடங்குதான் என்பது போல எல்லோரும் பேசினார்கள். அவளை வேலையிலிருந்து மட்டும் இல்லை, தெருவிலிருந்தே அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். அவள் புருஷனே, "உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உப்பு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்வந்த அப்பா, முகம் கழுவிக்கொண்டே, "நாளைக்குப் போயி அணைச்சுட்டு வந்துடு. ஊரே அணைக்குது. நீ ஒருத்தி நின்னு மொறைக்காத" என்றார். அப்பாவுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா அடுப்பில் சுள்ளியைத் தள்ளிவிட்டாள். அப்பா வெளியே போனதும் நான் அவள் முதுகின் பின்னால் நின்று, "நீ அணைப்பியாம்மா?" என்று கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவள் என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தாள். "வாய மூடிக்கினு சாப்புடு" என்றாள்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே கூட்டம் கூடிவிட்டது. தாம்பாளத்தில் ஒவ்வொருத்திக்கும் புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். முதலில் போன பெண்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அணைத்தார்கள். அணைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே விலகினார்கள். ஒருத்திக்கு வாயில் சொல்லே வரவில்லை. மேஸ்திரி அவளுக்காகச் சொல்ல, அவள் தலையை ஆட்டினாள். லூர்துமேரி அக்கா தனியாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அம்மாவின் முறை வந்தது. அவள் அணைக்கப் போகிறாள், அணைத்ததும் எங்களுக்கு என்னவோ நடக்கப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா கற்பூரத்துக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கற்பூரம் எரிந்து பாதியானது. நான் காதிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னா கன்னிம்மா, அணைச்சுட்டுப் போயிட்டே இரு. ஒன்ன யாரு சந்தேகப்பட்டாங்க?" என்றார் மேஸ்திரி.

"அணைக்க முடியாதுண்ணா."

"ஏன்?"

"நான் எறங்கியிருக்கேன்."

அம்மா மேஸ்திரியைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தே பேசினாள். "இந்த மாசமும் எறங்குனேன், போன மாசமும் எறங்குனேன். வேலைக்கு வந்த நாள்லேருந்து எறங்கறேன். வூட்டுல குந்திக்கினா யாரு சோறு போடுவா? ஆத்தாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் இத்தினி வருஷம் உப்பு குடுத்தா. அவ முன்னால நின்னு பொய்யா அணைக்கிறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. நான் புள்ள பெத்தவ. என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. அந்தப் பொண்ணை உடுங்க."

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வாயில் சொல் வராமல் தலையாட்டிய அந்தப் பெண் திடீரென்று கல்லின் முன்னால் விழுந்து, "ஆத்தா, மன்னிச்சுடு, நானுந்தான் எறங்குனேன்" என்று அழத் தொடங்கினாள். இன்னொருத்தியும் அழுதாள். சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப என் தம்பி எதுக்குடா போனான்?" என்று அவர் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் அன்றைக்கே ஊர் மாறிவிட்டது என்று நினைக்கக்கூடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மாவைச் சில வாரங்கள் வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பா அவளுடன் பேசவில்லை. சிவந்த பாத்தியை அப்படியே விட்டுவிட்டார்கள். வெயிலில் தண்ணீர் சுண்டியதும் அதில் நல்ல உப்பே பூத்தது. அந்தச் செய்தியைச் சொல்ல லூர்துமேரி அக்காதான் ஓடிவந்தாள். அம்மா சந்தோஷப்படவில்லை. "ஆத்தா நேரம் பாக்குறா" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, அந்த நேரம் வந்துவிட்டதென்று அம்மா முடிவு செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைத் தொடக்கூடப் பயந்தாள். லூர்துமேரி அக்கா வந்து என் நெற்றியில் விரலால் சிலுவை போட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடு" என்றாள். காய்ச்சல் விட்டதும், "ஆத்தா மன்னிச்சுட்டா" என்றாள். அந்த எழுதாத சட்டம் பொய் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தான் மன்னிக்கப்பட்டதாக மட்டுமே நம்பினாள்.

ஆனாலும் ஏதோ நகர்ந்திருந்தது. அடுத்த பருவத்தில் மறுபடியும் ஒரு பாத்தி சிவந்தபோது சத்தியம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. "எறங்குறவங்க எறங்குங்க, முடியாதவங்க குந்துங்க. என்னைக் கேக்காதீங்க" என்றார் மேஸ்திரி. அந்த வருஷம்தான் நானும் பெரியவளானேன். அம்மா எனக்குத் தனித் தட்டு வைத்தாள், மூலையில் பாய் போட்டாள், ஒரு சடங்கையும் விடவில்லை. ஆனால் அந்த நாட்களிலேயே பரீட்சை வந்தபோது, காலையில் தலையைச் சீவிவிட்டு, "நீ போ. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். பள்ளிக்கூடம் வரைக்கும் எங்கே கால் வைத்தாலும் அந்த இடம் சிவந்துவிடும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனேன்.

மிகவும் கரித்த தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று கல்லூரியில் படித்தேன். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அதையும் ஆத்தாதானே உட்டிருப்பா" என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்த நம்பிக்கை அன்றைக்கு அவளைப் பொய் சொல்லவிடாமல் தடுத்திராவிட்டால், லூர்துமேரி அக்கா இன்று எங்கள் தெருவில் இருந்திருக்க மாட்டாள்.

இப்போது நான் புதுச்சேரியில் வேலை செய்கிறேன். கடல் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுடன் உப்பளத்துக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். கற்பூரச் சத்தியம் என்று ஒன்று இருந்ததே அங்கு வேலை செய்யும் இளம்பெண்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருத்தி பாத்தியிலிருந்து ஏறி வந்து, கொஞ்ச தூரத்தில் நின்ற புது மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணா, எனக்கு இன்னிக்குத் தூரம், வயிறு வலிக்குது, செத்த நேரம் குந்திட்டு வர்றேன்" என்று உரக்கச் சொன்னாள். அவரும் சரி என்று கையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் விதிர்த்துப்போய் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காதுல உழுந்துச்சா?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அந்தப் பெண் நிழலுக்கு வந்து, எங்கே உட்காருவது என்று பார்த்தாள். அம்மா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.