அடுப்பின் ஏழாவது உறுப்பு

1. இடிக்கலாமா என்று கேட்டவர்

“ஏனுங்க, நீங்க கட்டுன அடுப்ப நான் இடிச்சுப்போட்டா எம்மேல கேசு கீசு போடுவீங்களா?”

பழனிசாமி இப்படிக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிராமத்து வீடுகளில் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில், கோயம்புத்தூரில், நான் சூப்பர்வைசராக இருந்தேன். அடுப்பைக் கட்டுவது கொத்தனார் ஆறுமுகத்தின் வேலை. கட்டும்போது அளவு பார்ப்பதும், கட்டிய பிறகு அது ஒழுங்காக எரிகிறதா என்று கவலைப்படுவதும் என் வேலை. இரண்டாவதைச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. அது என் சுபாவம்.

பழனிசாமிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் கொப்பரை காயவைக்கும் களமும் உண்டு. குடும்பம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோப்புக்குள்ளேயே இருந்த ஓட்டு வீட்டில்தான் இருந்தது. அவருடைய மனைவி சரஸ்வதிக்கு இழுப்பு நோய். புகை பட்டால் மூச்சு முட்டிப் படுத்துவிடுவார். கேஸ் அடுப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். வேறு வழியில்லாமல் மாசி மாதத்தில் எங்களிடம் அடுப்பு கட்டிக்கொண்டார்கள். ஆனி பிறந்ததும் புகை சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டது.

பழனிசாமியின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் கவிதாவைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். ஆடி பிறப்பதற்குள் அம்மா வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தியம்மாவோ அனுப்பத் தயங்கினார். அதைச் சொல்லும்போதுதான் பழனிசாமியின் குரல் இறங்கியது.

“பெத்தவளுக்கே இழுப்புங்கறாங்க, வாயும் வயிறுமா வார புள்ளைக்கு யாரு ஆக்கிப்போடுவாங்கன்னு கேக்கறாங்க. கேக்கறது தப்புங்களா? தப்பில்லீங்களே. ஞாயித்துக்கெழமை வந்து ஊட்டப் பாத்துட்டு முடிவு சொல்றாங்களாம். சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்னு நான் சொன்னா, எம் பொண்ணுக்கு ஊரா ஊட்டுப் பொம்பளை சோறாக்கறதான்னு என்ற சம்சாரம் அழுவுது.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “நீங்க போயிட்டு வாங்க. போனா அடுப்புல எத்தன கல்லு இருக்குதுன்னு எண்ணிட்டு வந்துருவீங்க, எனக்குத் தெரியும். பொகை ஏன் வருதுன்னும் பாத்துட்டு வாங்க.”

2. எந்த அடுப்பு என்று கேட்பவர்களுக்கு

நடந்ததைச் சொல்லுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். எந்த விறகடுப்பு நல்லது என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் எரிவது என்ன? உங்கள் பானைகளின் அடிப்பாகம் எவ்வளவு அகலம்? கூரை எவ்வளவு உயரம்? இம்மூன்றையும் அளக்காமல் அடுப்பு வாங்குகிறவர், காலை அளக்காமல் செருப்பு வாங்குகிறவர்.

பழனிசாமி வீட்டில் சிரட்டை நிறைய விழும். ஆனால் சிரட்டை கரி சுடுகிறவர்களுக்குப் போய்விடும். அடுப்புக்கு மிஞ்சுவது மட்டையும் பாளையும்தான். மட்டை நன்றாகக் காய்ந்திருந்தால் சுடர்விட்டு எரியும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் புகைந்து, தார் போன்ற கரியைக் குழாயில் படியவிடும். அதனால் அவர்களுக்குத் தூக்கி வைக்கும் தகர அடுப்பு வேண்டாம், குழாய் வைத்த மண் அடுப்புதான் சரி என்று நானே சொன்னேன். முன் குழியில் சோறு, பின் குழியில் தண்ணீர். விறகுக்கு அடியில் காற்று புக இரும்புக் கிராதி. பின்னால் சிமெண்ட் குழாய், கூரையைத் தாண்டி இரண்டடி உயரத்தில், மேலே மழைக்கு ஒரு தொப்பி. குழாயின் அடியில் கரியை வாரி எடுக்க ஒரு துவாரம், அதற்குச் சுட்ட மண்ணில் ஒரு மூடி.

அந்தச் சிமெண்ட் குழாயை அறுக்கும்போது பறக்கும் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று பின்னாளில் தெரிந்தது. இப்போது தகரக் குழாய் கிடைக்கிறது, அதையே வையுங்கள். ஆறுமுகம் எத்தனை குழாய் அறுத்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனது சரியில்லை.

முதல் நாள் தீ மூட்டியபோது சரஸ்வதி அம்மாள் வாசற்படியில், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். புகையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்ததும் முந்தானையை எடுத்தார். வெளியே ஓடிப்போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்து, “பொகையெல்லா மேல போவுதுங்க” என்று, எங்களுக்குத் தெரியாத செய்தி போலச் சொன்னார். ஆறுமுகம் சிரித்தான். கரியை எப்படி வாருவது, எப்போது வாருவது என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மாதம் ஒருமுறை மூடியைத் திறக்க வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

3. காற்றின் மேல் போட்ட பழி

பழனிசாமி வந்துபோன மறுநாள், புதன்கிழமை, ஆறுமுகமும் நானும் போனோம்.

ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். தோப்பில் மரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்துத் தலைசாய்த்து நின்றன. சாரல் வேறு. மேற்கேயிருந்து வரும் காற்று குழாயின் வாயில் அடித்துப் புகையைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது என்றார் பழனிசாமி. எனக்கும் அப்படித்தான் பட்டது. காற்றுக் காலத்தில் இந்தப் புகார் சகஜம். குழாய்க்கு மேல் இன்னொரு துண்டு சேர்த்தோம். நான்கு பக்கமும் தடுப்பு வைத்த தொப்பியை மாட்டினோம். மேலே ஏறியபோது குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தேன். கரி நகத்தளவு கனம்கூட இல்லை.

“காத்துக்குத் தொப்பி போட்டாச்சுங்க. இனி வேட்டி கட்டி உடறதுதான் பாக்கி” என்றான் ஆறுமுகம்.

சமையலறைக்கு வந்து மூட்டிப் பார்த்தோம். முதலில் கொஞ்சம் இழுத்தது. அரைப்படி அரிசி வேகுமுன் அடுப்பின் வாய் வழியாகப் புகை சுருண்டு வெளியே வந்தது. சரஸ்வதி அம்மாள் அசையாமல் நின்று பார்த்தார். பிறகு இருமல் தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மட்டையை உடைத்துப் பார்த்தேன். சாரல் படும் இடத்தில் அடுக்கியிருந்தார்கள், உள்ளே ஈரம். எல்லாவற்றையும் எடுத்து அடுப்புக்கு மேலே அட்டாலிப் பரணில் போடச் சொன்னேன். மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளக்கவும் சொன்னேன். ஆனால் ஈர மட்டையும் காற்றும் சேர்ந்தாலும் இவ்வளவு புகை வரக்கூடாது என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சரஸ்வதி அம்மாள் காப்பி கொண்டுவந்தார். பேச்சோடு பேச்சாக, வைகாசியிலிருந்தே பின் குழியில் வைக்கும் தண்ணீர் சுடுவதில்லை, அதற்கும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது. பின் குழி சுடவில்லை என்றால் குழாய் இழுக்கவில்லை என்று பொருள். காற்று கிளம்பியது ஆனியில். குழாய் இழுக்காமல் போனது வைகாசியில். அப்படியானால் காற்றின் மேல் பழி போட்டது தவறு.

4. எண்ணிக்கை குறைந்தது

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி போனோம். அடுப்பை அப்போதுதான் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். அரிசிமாவுக் கோலமும் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமமும் வைத்திருந்தது. நான் கட்டுவித்த அடுப்புகளில் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த அடுப்பு வேறில்லை. விரிசல் இல்லை, ஓரம் உடைந்த இடம் இல்லை.

என்ன செய்வது என்று தெரியாதபோது நான் எண்ணுவேன். அடுப்பின் முன் குந்தி விரல் விட்டேன். வாய் ஒன்று. கிராதி ஒன்று. குழி இரண்டு. குழாய் ஒன்று. தொப்பி ஒன்று. ஆறு வந்தது. ஆறுமுகத்திடம் ஓர் அடுப்புக்கு எத்தனை உறுப்பு என்று கேட்டேன். ஏழு என்றான். மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

“அம்மா, குழாய்க்கு அடியில ஒரு மூடி இருந்துதுங்களே, அது எங்க?”

சரஸ்வதி அம்மாள் குழாயின் அடிப்பாகத்தைக் காட்டினார். அங்கே மூடி இல்லை. வழவழப்பான சாணி மெழுகலும், அதன்மேல் தாமரைக் கோலமும் இருந்தன.

“அதச் சுத்தி ஒரு கீறல் உட்டுருந்துதுங்க. வாரா வாரம் மெழுகி மெழுகி அடைச்சுப்போட்டனுங்க. கீறல் உட்ட அடுப்புல சோறாக்குனா ஊட்டுக்கு ஆவாதுங்களே. பொண்ணு வேற மாசமா இருக்கறா.”

அந்த மூடியைச் சுற்றி இடைவெளி இருந்தால்தான் அதை எடுக்க முடியும். எங்களுக்கு அது வழி. அவருக்கு அது வெடிப்பு. மகளின் நலத்துக்காக ஒவ்வொரு வெள்ளியும் அந்த வெடிப்பை அவர் தன் கையாலேயே பூசியிருக்கிறார். மாசியிலிருந்து விழுந்த கரி முழுவதும் குழாயின் அடியில், வெளியே வர வழியில்லாமல் அடைந்து கிடந்தது. மேல் வாயில் நான் தடவிப் பார்த்ததில் எப்படித் தெரியும்? கரி விழுவது கீழே அல்லவா.

ஆறுமுகம் உளியை எடுத்தான். சரஸ்வதி அம்மாள் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“வெள்ளிக்கெழமை அடுப்ப ஒடைக்கறதுங்களா? வேண்டாங்க.”

உடைக்கவில்லை, திறக்கத்தான் போகிறோம் என்று விளக்கினேன். அவர் நகரவில்லை. ஞாயிறு சம்பந்தி வருகிற நேரத்தில் இது என்ன பிடிவாதம் என்று பழனிசாமி கத்தினார். அதற்கும் அவர் நகரவில்லை.

“பொகைக்குள்ள நின்னு ஆக்குன்னா ஆக்கறனுங்க. வெள்ளிக்கெழமை அடுப்புல உளி வெக்க உட மாட்டேன்.”

ஆறுமுகம் உளியைப் பைக்குள் போட்டான். “நாளைக்கு வாரமுங்க, அம்மணி. சனிக்கெழம அடுப்புக்கு ஒண்ணுமில்லீங்களே?” என்றான். அவர் இல்லை என்றார். சம்பந்தி வருவதற்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. கரி மட்டும்தான் காரணமா, உள்ளே குழாயும் வெடித்திருந்தால் என்ன செய்வது, மூடி உடைந்தால் புது மூடி எங்கே கிடைக்கும் என்று நான் அன்றைக்கு முழுதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மெழுகலை அவரே தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார். உளிக்கு வேலையே இருக்கவில்லை. மூடி முழுசாக வந்தது. உள்ளே கைவிட்டால் கரி. ஒரு முறம் நிறைய வாரினோம், பிறகு இன்னொரு முறம். கயிற்றில் நார்ப்பந்து கட்டி, மேலிருந்து குழாய்க்குள் இறக்கி இழுத்தோம். எங்கள் இருவரையும் பார்த்துப் பழனிசாமி முதல்முறையாகச் சிரித்தார். கண் மட்டும்தான் தெரிந்ததாம்.

காய்ந்த மட்டையை வைத்து மூட்டினோம். குழாய்க்குள் ஒரு சத்தம் எழுந்தது. நன்றாக இழுக்கும் அடுப்புக்கு அந்தச் சத்தம் உண்டு, பெருமூச்சு விடுவது போல. புகை வெளியே வரவில்லை. பின் குழியில் தண்ணீர் கொதித்தது. சரஸ்வதி அம்மாள் சோறு வடிக்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. நாங்கள் பார்க்காதது போல அவருடைய மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம்.

5. பொட்டு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பழனிசாமி வந்து சொன்னார். சம்பந்தியம்மா நேராகச் சமையலறைக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். அரிசியும் பருப்பும் சேர்த்த சோறு ஆகி, கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரம் சுட்டு முடியும்வரை அங்கேயே இருந்தாராம். பேச்சு முழுதும் எண்ணெய் விலையைப் பற்றியாம். கிளம்பும்போதுதான், “எங்க ஊட்டுக்கும் இப்படி ஒண்ணு கட்டித் தரச் சொல்லுங்க. புதங்கெழமை வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போங்க” என்றாராம்.

எனக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைகள்? பழக்கம் கைக்கு வந்துவிட்டால் கேட்காது. மறுபடி பூசிவிடுவார், மறுபடி அடையும், அந்த நேரம் பார்த்துக் குழந்தை பிறக்கும். ஆவணியில் யாரும் அனுப்பாமலே போனேன்.

கவிதா நிறைமாதமாக, சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எப்போதும்போல மெழுகிக் கோலம் போட்டிருந்தது. நான் குழாயின் அடியைப் பார்த்தேன். மூடி தனியாகத் தெரிந்தது, சுற்றிலும் இடைவெளி. மூடியின் நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

“அதையும் அடுப்போட ஒரு மூஞ்சின்னு வெச்சுக்கிட்டனுங்க” என்றார் சரஸ்வதி அம்மாள். “பொட்டு வெச்ச எடத்துல யாராச்சும் சாணி பூசுவாங்களா? அமாவாசைக்கு அமாவாசை எடுத்துக் கழுவி, கரி வாரிப்போட்டு, திரும்பப் பொட்டு வெச்சுருவேன்.”

“எங்கம்மா எனக்குக்கூட இத்தன கவனமாப் பொட்டு வெச்சதில்லைங்க” என்றாள் கவிதா.

அதற்குப்பின் நாங்கள் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் கடைசி வேலை அதுதான். மூடியைப் பொருத்தியதும் அந்த வீட்டில் சமைக்கிறவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே பொட்டு வைக்கச் சொல்வோம். முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளில் அவர்களுக்குப் பிடித்த நிறத்தில் சாயம் தீட்டிக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை திறக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். தாங்களே அடையாளம் வைத்த இடத்தை யாரும் மறந்ததில்லை.

அடுப்பு வாங்கினாலும் கட்டினாலும் கரி வாரும் வழி எங்கே என்று முதலில் கேளுங்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு இருக்க வேண்டும். ஏழாவது, வீட்டிலிருப்பவர்கள் தொட மறுக்கும் இடமாக இருந்தால், அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். அதைத் தொடும்படி என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்ட பதினாறாம் நாள் விருந்துக்கு என்னையும் ஆறுமுகத்தையும் அழைத்திருந்தார்கள். சோறு, பருப்பு, கச்சாயம், எல்லாம் அந்த அடுப்பில் சரஸ்வதி அம்மாள் ஆக்கியது. சாப்பிடும்போது நான் எதையும் எண்ணவில்லை.