மாதுளைக் கறை

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் நான் வேலை செய்கிற டிரை கிளீனிங் கடையின் முதலாளி கோஸ்தா, சைப்பிரஸ் தீவின் கிரேக்கர். மத்தியானச் சாப்பாட்டை நாலு கடை தள்ளியிருந்த கெபாப் கடையில் வாங்குவார். அந்தக் கடைக்காரரும் அதே தீவுதான், ஆனால் துருக்கியர். இருவரும் தோளில் தட்டிச் சிரிப்பார்கள். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டே, "இவன்களுடைய ஆட்கள்தான் என் வீட்டில் இருக்கிறார்கள்" என்று துப்பாத குறையாகச் சொல்வார் கோஸ்தா. வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. பிறகு, சிங்களவர் கடையில் மாலுபாண் என்கிற மீன் பணிஸை வாங்கித் தின்றுகொண்டே தமிழர் நாங்கள் அவர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சை நினைத்துப் பார்த்தேன், விளங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், மலிவாகக் கிடைத்த ஹொலிடே ஒன்றில் நானும் மனைவி மலரும் சைப்பிரஸ் போகப் புறப்பட்டோம். கோஸ்தா என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். அவருடைய வீடு தீவை இரண்டாகப் பிரிக்கிற எல்லைக்கு வடக்கே, துருக்கியர் பக்கத்தில், கைரீனியாவில். எழுபத்துநாலாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அதை அவர் பார்க்கவில்லை. அவரிடம் இருப்பதும் என்னிடம் இருக்கிற அதே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான். ஆனால் கிரேக்கப் பெயரைக் கண்டால் வடக்கே விடமாட்டார்கள். எங்களை ஒரு பகலுக்கு விடுவார்கள். "வீடு நிற்கிறதா, இடித்துவிட்டார்களா? அதை மட்டும் பார்த்து வந்து சொல்" என்றார். சொல்லும்போது முகத்தை ஸ்டீம் பிரெஸ் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தலைநகர் நிக்கோசியாவின் நடுவே அந்த எல்லை. மண்மூட்டை, முள்ளுக்கம்பி, சன்னம் துளைத்த சுவர். இதைப் பார்க்க வெள்ளைக்காரர் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் மண்மூட்டைமேல் கையைப் போட்டுச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் மயிலிட்டியான். எங்கள் ஊரைச் சிங்கள ஆமி பிடித்து முள்ளுக்கம்பி அடித்த பிறகு என் தாய் தகப்பனே அந்தப் பக்கம் போகவில்லை. மலர் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து தப்பி வந்தவள். அவளைப் பார்த்து, வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "த்ரில்லிங், இல்லையா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். மலர் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு, "இதுகளுக்கென்ன விசரே?" என்று என்னிடம் கேட்டாள்.

எல்லையைக் கடந்து வடக்குப் பக்கம் டாக்ஸி பிடித்தோம். மலரின் பைக்குள் லண்டனிலிருந்தே கொண்டு வந்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது.

"இது ஆருக்கு?"

"ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போக ஏலுமே?"

"அது அவையின்ர வீடில்லை, மலர்."

"ஆரின்ர வீடெண்டாலும் அடுப்பெரியிற வீடுதானே."

வீடு நின்றது. கதவைத் திறந்தவள் தெற்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த துருக்கியப் பெண். வீட்டுக்காரர் அனுப்பினார் என்று டாக்ஸிக்காரர் சொன்னதும் அவளுடைய முகம் வெளிறிப்போனது. மலர் டின்னை நீட்டியதும் அழுதுவிட்டாள். கோப்பி போட்டுத் தந்தாள். புறப்படும்போது முற்றத்து மாதுளையில் மூன்று பழம் பறித்து, "மரம் வைத்தவருக்கு" என்று மலரின் கையில் திணித்தாள்.

பின்னேரம் திரும்பினோம். தெற்குப் பக்கத்தில் கிரேக்கப் பொலிஸ்காரர் பையைத் திறந்தார். வடக்குச் சாமான் உள்ளே வரக்கூடாதாம்.

"இது வாங்கினதில்லை. உங்கள் ஆள் ஒருவருடைய மரத்துப் பழம்" என்றேன்.

"ரூல்ஸ், சேர்" என்றபடி பழங்களைக் குப்பைப் பீப்பாவுக்குள் எறிந்தார். ஒன்று விளிம்பில் பட்டு வெடித்து மலரின் வெள்ளைக் கார்டிகனில் சிதறியது. தன் ஆள் நட்ட மரத்தின் பழத்தைத் தானே குப்பையில் போடுகிற மனிதன்! சீ என்று போனது எனக்கு.

லண்டன் வந்து வீடு நிற்கிறது என்று சொன்னதும் கோஸ்தா கதிரையில் இருந்துவிட்டார். பிஸ்கட் கதைக்கு வந்தபோது எழும்பினார்.

"என் வீட்டுக் கள்ளருக்குப் பரிசு கொண்டு போனாயா? அவள் கையால் கோப்பி குடித்தாயா?"

கெபாப் வெங்காயம் மணத்த வாயால்தான் கேட்டார். அந்த மணமே எனக்கு அருவருத்தது. கழுவக் கொண்டுவந்திருந்த கார்டிகனை மேசையில் எறிந்தேன்.

"என்ன கறை?"

"உங்கள் முற்றத்து மாதுளை."

கத்தல் நின்றது. கார்டிகனை வெளிச்சத்தில் பிடித்து, கறையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "பழுத்திருந்ததா?" என்றார்.

"தட்டுப்பட்டதும் வெடித்தது."

எந்தக் கறையையும் எடுத்துவிடுகிற மனிதர் அதை மெஷினில் போடவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு, உடுப்புகள் தொங்கிச் சுற்றிவருகிற ரெயிலில் கொழுவினார்.

மலர் இன்றும் கேட்கிறாள்: "என்ர கார்டிகன் எங்கை?" இன்னும் கழுவி முடியவில்லை என்கிறேன். மற்றவர்களின் கோட்டுகளை எடுக்க ரெயிலைத் தள்ளும்போதெல்லாம் அது என்னிடம் வந்துவிட்டுப் போகிறது. மயிலிட்டியில் எனக்கும் ஒரு வீடு இருந்தது. அதிலிருந்து என்னிடம் ஒரு கறைகூட இல்லை.